ஒரு டப்பா, நாலு பெயர்: பழைய பைக்குக்குத் தகவல் தேடும் வழி

எங்கள் கடை செங்கோட்டையில், புளியரை போகிற ரோட்டில் இருக்கிறது. டூ வீலர் ஸ்பேர் பார்ட்ஸ். நான் கவுண்டரில் நிற்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. மலை ஏறிக் கோட்டைவாசலைத் தாண்டினால் கேரளம். அதனால் டிஎன் 76 வண்டியும் வரும், கேஎல் 25 வண்டியும் வரும்.

ஒருநாள் காலையில் தென்காசிக்காரர் ஒருவர் வந்து "கோன் செட் குடுங்க" என்றார். அவர் போவதற்குள் புனலூர்ப் பையன் ஒருவன் "ஹேண்டில் பெயரிங் உண்டோ?" என்றான். மூன்றாவதாக வந்தவர் வாயே திறக்கவில்லை, மொபைலை நீட்டினார். அதில் ஆங்கிலத்தில் ஸ்டீயரிங் ஹெட் பேரிங் என்று இருந்தது. மூவருக்கும் ஒரே தட்டில் இருந்துதான் எடுத்துக் கொடுத்தேன். டப்பாமேல் கம்பெனிக்காரன் அச்சடித்திருந்தது பால் ரேசர் கிட்.

கடையில் இது பிரச்சினையே இல்லை. வாடிக்கையாளர் எந்தப் பெயரைச் சொன்னாலும் எனக்குப் புரியும், புரியாவிட்டால் "எங்க இருக்கும், எப்படி இருக்கும்" என்று கேட்டுக்கொள்வேன். இணையம் அப்படித் திருப்பிக் கேட்காது. நீங்கள் அடித்த சொல்லை வைத்துக்கொண்டு பத்தாயிரம் பக்கத்தைக் கொட்டும். நமக்கு வேண்டிய பதிலை எவனோ ஒருவன் 2008-இல் வேறு பெயரில் எழுதிவைத்திருப்பான், அது மட்டும் வராது.

இதை நான் ஓர் இக்னிஷன் காயில், அதாவது பிளக்குக்குப் பொறி தரும் சுருள், வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

என்னிடம் இருப்பது அப்பாவின் புல்லட் 350, 1988 மாடல். அப்பா ரப்பர் ஷீட் வியாபாரத்துக்காக அதில் புனலூருக்கும் செங்கோட்டைக்கும் நடையாய் நடந்தவர். போன ஆனி மாதம், சாரல் ஆரம்பித்த சமயம், புளியரை தாண்டி எஸ் வளைவில் ஏறும்போது வண்டி பொசுக்கென்று நின்றது. முன்னால் தேங்காய் லாரி, பின்னால் பஸ். ஓரமாகத் தள்ளிவிட்டு உதைத்தேன், உதைத்தேன், ஒரு முனகல்கூட இல்லை. இருபது நிமிஷம் கழித்து ஒரே உதையில் எடுத்தது. ஆரியங்காவு தாண்டியதும் திரும்பவும் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் மருமகனைக் கூப்பிட்டேன். அக்காள் மகன், கல்லூரியில் படிக்கிறான், விரல் வேகம். "புல்லட் ஹாட் ஸ்டார்ட் பிராப்ளம்" என்று தேடினான். "மாமா, ஏகப்பட்டது வருது" என்றான். மேலே இருந்த நாலைந்தைப் படித்தோம். மூன்று பேர் இக்னிஷன் காயில் என்றார்கள். மூன்று பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று காயிலை மாற்றினேன். மறுநாள் அதே எஸ் வளைவில், ஏறக்குறைய அதே இடத்தில், வண்டி நின்றது.

அந்த மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் பேசியது வேறு வண்டியைப் பற்றி.

ஆகவே தேடுவதற்கு முன்னால் முதல் வேலை, உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்வது. சிரிக்காதீர்கள். "புல்லட் 350" என்பது ஒரு வண்டியின் பெயரே இல்லை, ஒரு குடும்பத்தின் பெயர். பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின், அப்புறம் வந்த ஏவிஎல், 2009 வாக்கில் இங்கே வந்த யுசிஇ, 2020-க்குப் பிறகு வந்த ஜே சீரிஸ், இத்தனைக்கும் அந்த ஒரே பெயர் ஓடுகிறது. சிசி போட்டுத் தேடினாலும் தப்ப முடியாது. காஸ்ட் அயர்னும் 346 சிசி, ஏவிஎல்லும் 346, யுசிஇயும் 346. போர் (சிலிண்டர் அகலம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90, மூன்றுக்கும் ஒன்றுதான். உள்ளே எல்லாம் வேறு. என் வண்டியில் பொறிக்கான கரண்ட்டை வெட்டிவிடும் பிளாட்டினம் பாயின்ட்டும், அந்த முனைகளில் பொறி பறக்காமல் காக்கும் கன்டென்சரும் இருக்கிறது, யுசிஇயில் அந்த இரண்டும் கிடையாது, பொறி எலக்ட்ரானிக். என் வண்டிக்கு டாப்பெட் வைக்க வேண்டும், அதாவது வால்வ் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும், யுசிஇயில் டாப்பெட் ஹைட்ராலிக், கைவைக்கவே வேண்டியதில்லை. என் கியர் வலது காலில், புதிய வண்டிக்கு இடது காலில். யுசிஇக்காரர் காயில் என்று சொன்னது அவர் வண்டிக்குச் சரியாகவே இருந்திருக்கும். நான் தேடும்போது காஸ்ட் அயர்ன் என்ற சொல்லையும், பாயின்ட் என்ற சொல்லையும் சேர்த்திருந்தால் அந்த மூவரும் என் கண்ணிலேயே பட்டிருக்க மாட்டார்கள்.

புல்லட்டுக்கு மட்டும் உள்ள சங்கடம் இல்லை இது. 2021 மாடல் ஸ்ப்ளெண்டரோடு ஒரு பையன் வந்து கார்ப்ரேட்டர் ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் துளைத் துண்டு) கேட்டான். வீடியோ பார்த்து, தானே கழற்றிச் சுத்தம் செய்யப்போகிறானாம். "தம்பி, உன் வண்டியில கார்ப்ரேட்டரே கிடையாதே" என்றேன். அவன் என்னை நம்பவில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது ஸ்ப்ளெண்டர் இன்ஜெக்ஷனுக்குப் போய்விட்டது. அவன் பார்த்த வீடியோ அதற்கு முந்தைய வண்டி. 2017 ஏப்ரல், 2020 ஏப்ரல், இந்த இரண்டு தேதியையும் மனதில் வையுங்கள். ஒன்று பிஎஸ் 4, மற்றது பிஎஸ் 6. பெயர் மாறாமல் வண்டி மாறிய இடங்கள் இவை. ஆர்சி புத்தகத்தில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும், அதைப் பாருங்கள். ஷோரூமில் எடுத்த தேதி வேறாக இருக்கலாம்.

சேசிஸ் நம்பரை எழுதிக்கொள்ளும்போது ஒரு சின்ன விஷயம். 17 எழுத்து உள்ள நம்பரில் ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றும் வரவே வராது. ஒன்றோடும் சைபரோடும் குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே துருவுக்கடியில் ஓ மாதிரித் தெரிந்தால் அது சைபர். முதல் மூன்று எழுத்து யார் செய்தது என்று சொல்லும்: எம்இ3 என்றால் ராயல் என்ஃபீல்டு, எம்டி2 பஜாஜ், எம்டி6 டிவிஎஸ், எம்பிஎல் ஹீரோ. டேங்கையும் சைடு பேனலையும் மாற்றி வேறு மாடலாக விற்கும் செகண்ட் ஹேண்ட் வண்டிகள் இரண்டு பக்கமும் நிறைய உண்டு. நம்பர் பொய் சொல்லாது, ஸ்டிக்கர் சொல்லும்.

அடுத்தது சொல். எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாம் கடையில் பேசுகிற பெயர் ஒன்று, கேட்டலாக்கில் அச்சாகியிருப்பது ஒன்று, பிரிட்டிஷ்காரன் எழுதுவது ஒன்று, அமெரிக்கன் எழுதுவது ஒன்று. பின்சக்கர ஹப்புக்குள் ஸ்ப்ராக்கெட்டுக்கும் வீலுக்கும் நடுவில் ரப்பர் துண்டுகள் இருக்குமே, நமக்கு அது ஹப் ரப்பர். ஜப்பான் கம்பெனிக் கேட்டலாக்கில் டேம்பர். பிரிட்டிஷ்காரனுக்குக் குஷ் டிரைவ் ரப்பர். "ஹப் ரப்பர்" என்று தேடினால் இந்தியாக்காரன் எழுதியது மட்டும் வரும், அதுவும் பாதி விளம்பரம். குஷ் டிரைவ் என்று போட்டால் வேறொரு உலகம் திறக்கும். அதுபோல நமக்கு சைலென்சர், அமெரிக்கனுக்கு மஃப்ளர். நமக்கு டாப்பெட் கேப் (இடைவெளி), அவனுக்கு வால்வ் லாஷ். பிஸ்டன் பின்னை பிரிட்டிஷ்காரன் கட்ஜன் பின் என்பான், அமெரிக்கன் ரிஸ்ட் பின் என்பான். நாம் பெட்ரோல் டேப் என்பதை அவன் பெட்காக் என்பான். நம்முடைய "செல்ஃப்" இருக்கிறதே, அது இந்தியாவைத் தாண்டினால் செல்லாது. செல்ஃப் எடுக்கவில்லை என்று தேடினால் வெளிநாட்டுப் பக்கம் எதுவும் வராது, ஸ்டார்ட்டர் மோட்டார் என்று போட வேண்டும்.

எழுத்துக்கூட்டலும் அப்படித்தான். கார்ப்ரேட்டருக்கு அமெரிக்கர்கள் ஒற்றை டி போடுவார்கள், பிரிட்டிஷ்காரர்கள் இரட்டை டி. டயருக்கு ஒருவர் ஐ, மற்றவர் ஒய். நம் ஊர்க்காரர்கள் அவசரத்தில் கார்ப் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள். பெரிய தேடுபொறிகள் இதையெல்லாம் ஓரளவு சமாளித்துவிடும். ஒரு குறிப்பிட்ட தளத்துக்குள்ளே இருக்கும் சின்னத் தேடல் பெட்டி சமாளிக்காது, நீங்கள் அடித்த எழுத்து அப்படியே இருந்தால்தான் காட்டும். இரண்டு மூன்று விதமாக அடித்துப் பார்த்துவிட்டுத்தான் "இல்லை" என்று முடிவுகட்ட வேண்டும்.

பொருளின் பெயரைவிட முக்கியம், கோளாறின் பெயர். நாம் "மிஸ்ஸிங் அடிக்குது" என்போம். மலைக்கு அந்தப் பக்கமும் மிஸ்ஸிங் என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டில் அது மிஸ்ஃபயர், அல்லது ஸ்டட்டர், அல்லது ஹெசிடேஷன். "புல்லிங் இல்லை" என்று நாம் சொல்வதை ஆரியங்காவில் "வண்டிக்கு வலிவில்லா" என்பார்கள், வெளிநாட்டுக்காரன் லாஸ் ஆஃப் பவர் என்பான். என் வண்டியின் நோய்க்கு அப்பா வைத்த பெயர் "சூட்டில் நிக்குது". ஆங்கிலத்தில் தேட வேண்டியது "டைஸ் வென் ஹாட்", அல்லது "கட்ஸ் அவுட் வென் வார்ம்". நாங்கள் போட்ட ஹாட் ஸ்டார்ட் வேறு நோய். அது நின்ற வண்டியைச் சூட்டோடு எடுக்க முடியாதது. ஓடுகிற வண்டி தானாக நிற்பது இது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காயில் வாங்கிய காசில் பாதி இந்தக் குழப்பத்துக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையாளத்திலும் தேடுங்கள். எல்லையில் இருப்பதன் லாபம் இது. புல்லட், யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 மூன்றுக்கும் கேரளத்தில் உயிரை விடுகிற கூட்டம் உண்டு, மேஸ்திரிகள் பொறுமையாகக் கழற்றிக் காட்டும் வீடியோக்கள் நிறைய. எழுத்தில் தேடினால் மட்டும் கவனம்: நம் புல்லட் அவர்களுக்குப் புள்ளட். நம் ல-வை அங்கே போட்டால் கிடைக்காது.

சொல்லே வேண்டாம் என்கிற வழியும் ஒன்று உண்டு. எண். பொருள்மேல் பொறித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் வண்டிப் பெயரே தேவையில்லை. வீல் பேரிங்கைக் கழற்றித் துடைத்தால் 6203 என்றோ 6301 என்றோ இருக்கும். கடைசி இரண்டு எண்தான் உள்துளை: 00 என்றால் 10 மில்லிமீட்டர், 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17, அதற்கு மேல் 04-இல் இருந்து ஐந்தால் பெருக்குங்கள். 6203 என்றால் 17 உள்ளே, 40 வெளியே, 12 தடிமன். எந்த ஊர்க் கடையிலும், மோட்டார் வைண்டிங் கடையில்கூட, அந்த எண்ணைச் சொன்னால் கொடுப்பார்கள். ஆயில் சீலிலும் மூன்று அளவு அச்சாகியிருக்கும், உள், வெளி, தடிமன்.

கம்பெனிப் பார்ட் நம்பருக்கும் ஓர் இலக்கணம் உண்டு. ஹோண்டா நம்பரில் முதல் ஐந்து இலக்கம் "என்ன பொருள்", நடு மூன்று எழுத்து "எந்த வண்டிக்கு". 16100 என்றால் கார்ப்ரேட்டர், 13101 என்றால் பிஸ்டன், 17210 என்றால் ஏர் ஃபில்டர், ஹோண்டா எந்த நாட்டில் செய்தாலும் அதுதான். பழைய ஹீரோ ஹோண்டா வண்டிகளும் இந்த வழியில்தான் போகும். யமஹாவில் தலைகீழ்: முதல் மூன்று எழுத்து மாடல், அடுத்த ஐந்து பொருள். 14301 கார்ப்ரேட்டர், 11631 பிஸ்டன். இது தெரிந்தால் முழு நம்பர் இல்லாவிட்டாலும் பாதி நம்பரை வைத்தே பிடித்துவிடலாம். இரண்டு வெவ்வேறு வண்டிகளின் பார்ட் நம்பர் முழுக்க ஒன்றாக இருந்தால் ஒன்றின் பொருள் மற்றதற்குச் சேரும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய நம்பர் நின்றுபோய்ப் புது நம்பர் வந்திருக்கும், அதையும் கேட்டலாக்கில் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.

ஸ்பார்க் பிளக்கில் மட்டும் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். என்ஜிகே பிளக்கில் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடுவது. போஷ்ஷின் இப்போதைய குறியீட்டில் எண் கூடக்கூடச் சூடான பிளக். ஒருவர் "நான் ஒரு நம்பர் ஏற்றினேன், சரியாகிவிட்டது" என்று எழுதியிருந்தால், எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் நீங்களும் ஏற்றாதீர்கள்.

சரி, இனி தேடுகிற கை வேலை. இது சுருக்கம்தான். இரண்டு மூன்று சொல் சேர்ந்தே வர வேண்டுமென்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போடுங்கள். நான் யுசிஇ-க்கும் கிளாசிக் என்ற புதிய மாடலுக்கும் கழித்தல் போட்ட பிறகுதான் பழைய வண்டிக்காரர்கள் முகம் தெரிந்தது. ஒரே தளத்துக்குள் தேட, ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து முக்காற்புள்ளி வைத்துத் தளத்தின் முகவரியை ஒட்டி எழுதுங்கள். அந்தத் தளத்தின் சொந்தத் தேடல் பெட்டியைவிடப் பல சமயம் இது நன்றாக வேலை செய்யும். அதேபோல ஃபைல்டைப் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, பிடிஎஃப் என்று போட்டால் மேனுவலும் பார்ட்ஸ் கேட்டலாக்கும் மாட்டும். பிஃபோர் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, 2009 என்று போட்டால் அதற்கு முந்தியது மட்டும் வரும். காஸ்ட் அயர்ன் வைத்திருப்பவனுக்கு இது வரப்பிரசாதம். யுசிஇ பிறப்பதற்கு முன் எழுதியதில் யுசிஇ இருக்க வழியில்லையே.

பக்கம் செத்துப்போயிருந்தால் விட்டுவிடாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள், 1996-இல் இருந்தே பக்கங்களைச் சேமித்துவைத்திருக்கிறார்கள். பழைய பக்கங்களில் எழுத்து இருக்கும், படம் இருக்காது. "கீழே படத்தில் அம்புக்குறி காட்டும் போல்ட்டைக் கழற்றவும்" என்று இருக்கும், கீழே சாம்பல் கட்டம்தான். 2017-இல் ஒரு பெரிய படச் சேமிப்புத் தளம், காசு கட்டாதவர்களின் படங்களை வேறு தளங்களில் காட்டுவதை நிறுத்திவிட்டது, அதோடு போனவைதான் இவற்றில் நிறைய. வேபேக்கில் அதற்கு முந்தைய தேதியைத் தொட்டால் சில சமயம் படத்தோடு கிடைக்கும்.

கிடைத்தது சரியா என்று பார்ப்பதுதான் இதில் கஷ்டம். நான் முதலில் பார்ப்பது, கேள்வி கேட்டவன் திரும்பி வந்தானா என்று. பதினைந்து பேர் பதினைந்து வைத்தியம் சொல்லியிருப்பார்கள். கடைசியில் கேட்டவனே வந்து "இதை மாற்றினேன், ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், நிற்கவில்லை" என்று எழுதியிருந்தால் அந்த ஒரு வரி மற்ற பதினைந்துக்கும் சமம். "மாற்றிவிட்டேன், நன்றி" என்று அன்றைக்கே எழுதியதை நம்பாதீர்கள். நானும் காயிலை மாற்றிய அன்று சாயங்காலம் பஜாருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். "எனக்குத் தெரிந்தவர் சொன்னார்" என்று ஆரம்பிப்பவரையும் தாண்டிப் போய்விடுவேன். அளவு சொல்பவர், எந்தக் கேஜை வைத்து எப்படி அளந்தார் என்று சொல்பவர் மேல் எனக்கு மரியாதை.

அப்புறம் எந்த ஊர், எந்த வருடம் என்று பாருங்கள். குளிர்நாட்டுக்காரன் சோக் போடச் சொல்லும் பாடம் சித்திரை மாதத் தென்காசிக்கு ஒத்துவராது. நம் நாட்டிலேயே பெட்ரோல் மாறிவிட்டது: 2022-இல் 10 சதவீத எத்தனால், 2025-இல் 20 சதவீதம். எத்தனால் பழைய ரப்பரைப் பதம் பார்க்கும், கலவையையும் கொஞ்சம் மெலிதாக்கும். ஆகவே 2005-இல் ஒருவர் எழுதிய ஜெட் அளவு அன்றைய பெட்ரோலுக்கு. அதை ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், வேதவாக்காக வேண்டாம். பாயின்ட் இடைவெளி போன்றவை அப்படி மாறாது. என் வண்டிக்கு 0.35-இல் இருந்து 0.40 மில்லிமீட்டர், அன்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான்.

அலகைப் பார்க்காமல் அளவை எடுக்காதீர்கள். மருமகன் தன் வண்டிக்கு டாப்பெட் கவர் போல்ட் முறுக்கு 90 என்று எங்கோ படித்துவிட்டு டார்க் ரெஞ்சைக் கடன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். 6 எம்எம் போல்ட். "மாமா, கிளிக் சத்தம் வரும், அப்ப நிறுத்தணும்" என்று எனக்கே பாடம் எடுத்தான். கிளிக் வருவதற்கு முன்னால் போல்ட் தலை கையோடு வந்துவிட்டது. அந்த 90 இன்ச்-பவுண்டு, நியூட்டன் மீட்டரில் சொன்னால் 10. நம் பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டர் இருக்கும், அதில் சொன்னால் 1 தான். ஒரே முறுக்கு, மூன்று எண். உடைந்த துண்டை ஹெட்டில் இருந்து எடுக்க லேத் பட்டறைக்குப் போனோம். அங்கே அவன் எந்தப் பாடமும் எடுக்கவில்லை.

என் வண்டிக்கு வருகிறேன். காஸ்ட் அயர்ன், பாயின்ட், டைஸ் வென் ஹாட் என்று மூன்றையும் சேர்த்து, யுசிஇயைக் கழித்து, 2009-க்கு முந்தியதை மட்டும் தேடினோம். பதினொன்றோ பன்னிரண்டோ வந்தது. ஒரு ராத்திரியில் எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. நாலு பேர் திரும்பி வந்து முடிவு எழுதியிருந்தார்கள். ஒருவருக்கு டேங்க் மூடியில் காற்றோட்டத் துளை அடைப்பு, மற்ற மூவருக்கும் கன்டென்சர்.

இரண்டையும் சோதிக்கக் காசு வேண்டாம். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே எஸ் வளைவில் ஏற்றினேன். நின்றது. முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். துளை அடைத்திருந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும், அடுத்த உதையில் எடுக்கும். சத்தமும் இல்லை, எடுக்கவும் இல்லை. சாவியைப் போட்டு மெல்ல உதைத்தால் ஆம்பியர் மீட்டர் முள் ஆடியது, ஆகவே பாயின்ட் வரை கரண்ட் வருகிறது. பிளக்கைக் கழற்றி ஹெட்மேல் வைத்து உதைத்தால் சோர்ந்துபோன ஆரஞ்சுப் பொறி. வலதுபக்கம் பாயின்ட் மூடியைக் கழற்றிவிட்டு, மழைக்கோட்டைத் தலைமேல் போட்டு நிழல் பண்ணிக்கொண்டு உதைத்துப் பார்த்தேன். பாயின்ட்டின் இரண்டு முனைக்கும் நடுவே நீலமாக, கொழுத்த பொறி குதித்தது. பிளக்கில் அடிக்க வேண்டியது இங்கே அடிக்கிறது. கன்டென்சர் நன்றாக இருந்தால் பாயின்ட்டில் இவ்வளவு பொறி வராது. ஒரு முனை குழிந்தும் எதிர்முனை மேடிட்டும் இருந்தது, அதுவும் அந்த மூவர் சொன்ன அடையாளம்தான்.

அப்போதும் நான் கன்டென்சரை உடனே மாற்றவில்லை. ஆறிய வண்டியை எடுத்துக்கொண்டு ஆரியங்காவில் உள்ள ஆசானிடம் போனேன். எழுபது வயது தாண்டிய மெக்கானிக், அப்பா காலத்துப் பழக்கம். இணையத்தில் படித்ததை அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. "கன்டென்சர்தானே ஆசானே?" என்று போய் நின்றால் அவர் "ஆமா" என்றுதான் சொல்வார், மாற்றியும் கொடுத்துவிடுவார். நோயை மட்டும் சொல்லுங்கள், அதுவும் எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் என்று.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அண்ணாச்சீ, வண்டி சூடாயிட்டு நிக்குந்நதாணோ, அதோ வெள்ளம் கேறியிட்டோ?"

கூட வந்த மருமகன் பதறினான். "வெள்ளம்லாம் இல்லைங்க, சாரல்தான்." அவருக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். சாரல் தண்ணீர் பாயின்ட்டுக்குள் போனாலும் வண்டி நிற்கும், ஆனால் அது ஆறினால் சரியாகாது, காய்ந்தால்தான் சரியாகும். நாங்கள் தேடிய பன்னிரண்டு பக்கத்திலும் இந்தக் கேள்வி இல்லை. எழுதியவர்கள் ஊரில் ஆனிச் சாரல் இல்லை போல. சூட்டில்தான், மழை விட்ட நாளிலும் நிற்கிறது என்றேன். "எந்நால் கன்டென்சர் தன்னே" என்று டீயைக் கையில் எடுத்தார்.

புதிதைப் போடுவதற்கு ஸ்பேனர் எடுக்க டூல் பாக்ஸைத் திறந்தபோது, அடியில் பிளாஸ்டிக் கவருக்குள் அப்பாவின் நோட்டு இருந்தது. கிரீஸ் கறை, பென்சில் எழுத்து. புரட்டிக்கொண்டே வந்தால் 1997 ஆனியில் ஒரு வரி: "சூட்டில் நிக்குது. ஆரியங்காவு. கன்டென்சர் மாத்தினது. பாயின்ட் 15." பாயின்ட் 15 என்றால் ஓர் இன்ச்சில் ஆயிரத்தில் பதினைந்து, மில்லிமீட்டரில் 0.38. மருமகன் அதைப் படித்துவிட்டு மொபைலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

இப்போது அதற்குக் கீழே என் வரியும் இருக்கிறது. நோய் என்ன சொல்லில், எந்தச் சூழ்நிலையில், எத்தனை கிலோமீட்டரில், என்ன மாற்றினேன், தப்பாக என்ன மாற்றினேன், எல்லாம் ஆறு வரி. அதையே ஆங்கிலத்தில் எழுதி, அந்தப் பன்னிரண்டில் இன்னும் உயிரோடு இருந்த ஒரு பக்கத்தில் மருமகன் போட்டுவிட்டான். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிய பிறகுதான் போட விட்டேன். ஹாட் ஸ்டார்ட் என்று தேடுகிறவனுக்கும் மாட்டட்டும் என்று அந்தச் சொல்லையும் ஓரத்தில் சேர்க்கச் சொன்னேன், சேர்த்திருக்கிறான். வாங்கிய காயில் கடை அலமாரியில் மூன்றாவது தட்டில், டப்பாவோடு இருக்கிறது. 6 வோல்ட், பழைய புல்லட்டுக்குச் சேரும். வேண்டுகிறவர்கள் வரலாம்.